மக்காத துணி

காட்டுக்குள் நுழைந்து மான்வேலிக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டியதும் எஃபியின் இருமல் நின்றது.

இன்னஸ் அதை உடனே உணரவில்லை. பல வாரங்களாக அந்த இருமலோடு படுத்து அந்த இருமலோடு எழுந்திருக்கிறான். ஓயாமல் உறுமும் குளிர்பெட்டி திடீரென்று அடங்கினால் வீடு ஒரு கணம் பெரிதாகிவிடுமே, அப்படித்தான் எதுவோ குறைந்தது தெரிந்தது. குனிந்து மகளைப் பார்த்தான். ஐந்து வயது. மஞ்சள் மழைக்கோட்டு. நாக்கை நீட்டித் தூறலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரிலிருந்து வேலிக்கு வருவதற்குள் நின்று நின்று முட்டியில் கையூன்றி இருமியவள் இவள்தான்.

"நல்லாருக்கியா?"

"ம்."

அப்போது காட்டுக்குள்ளிருந்து, மேட்டுப் பக்கமாக, யாரோ இருமினார்கள்.

சின்ன இருமல். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, அதன் வாலில் மெல்லிய சீழ்க்கை.

ரோ மான், என்று சொல்லிக்கொண்டான். மிரண்ட ரோ மான் குரைத்தால் மனிதன் இருமுவது போலத்தான் இருக்கும். இந்தக் கடலோரத்தில் பிறந்த யாருக்கும் அது தெரியும். எஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

ஊற்றில் நனைத்த துணியை மரத்தில் கட்டினால் நோய் போகும் என்ற நம்பிக்கையோடு அவன் வந்தவன் அல்ல. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். ஆனால் போன வசந்தத்தில் மனைவி ஷோனாவைப் புதைத்த பிறகு, நம்புவதற்கும் சரி, மறுப்பதற்கும் சரி, அவனிடம் தெம்பு மிஞ்சவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான். தூங்கு என்றால் படுத்தான். இன்று காலை ஷோனாவின் அக்கா கிர்ஸ்டி வந்து, யாரையும் கேட்காமல் எஃபியின் தலையணை உறையை உருவி, நுனியைக் கத்தரித்து, பர்ரென்று ஒரு பட்டை கிழித்தபோதும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"பருத்தி. கலப்படம் இல்ல. நல்லா பாத்துட்டேன்," என்றாள் கிர்ஸ்டி.

"டாக்டர் வெறும் சளின்னுட்டார்."

"ஷோனாவுக்கும் மொதல்ல சளின்னுதான் சொன்னாங்க."

இன்னஸ் கெண்டியில் தண்ணீர் பிடித்தான்.

"அவ்வளவு படிச்சவ. கந்தல் ஊத்துக்குப் போறவ யாராச்சும் ஓடறதுக்குப் போடற ஜாக்கெட்டக் கிழிச்சுக் கட்டுவாளா? நைலான்! துணி மக்க மக்கத்தான நோய் போகும். அது மக்காமத் தொங்குனா நோய் எங்கடா போகும்?"

"அவளுக்கு அந்த நீலம் பிடிக்கும்."

"பிடிக்கும், பிடிக்கும்." கிர்ஸ்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு பட்டையை மடித்து அவன் சட்டைப்பையில் திணித்தாள். "நனைச்ச துணி புள்ள கையிலயே இருக்கணும். நீ ஊத்தச் சுத்தி சூரியன் போற பக்கமா மூணு சுத்து சுத்து. முடிச்சு விழற வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த வந்தாலும் எல்லாம் வீண். அப்புறம், அவ கட்டுன மரத்துல மட்டும் கட்டாத."

"ஏன்?"

"நோய் இருக்கற வீட்டுல கொண்டுபோய் யாராவது கொழந்தையக் குடி வெப்பாங்களா?"

பாதை ஓடையை ஒட்டி ஏறியது. ஓக்கும் பிர்ச்சும் ஹேசலும் நடுவே ஹாலியுமாக, யாரும் நடாமல், பனியுகம் விலகிய நாளிலிருந்து தானே முளைத்துத் தானே விழுந்து தன் மேலேயே முளைத்துக்கொண்டிருக்கும் காடு அது. கல் எது மரம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாவற்றின் மேலும் முழங்கை ஆழத்துக்குப் பச்சைப் பாசி படர்ந்து, கிளைகளின் முதுகில் பெரணிச் செடிகள் ஈரத்தோடு நிமிர்ந்து நிற்க, உதிர்ந்த இலைகள் ஊறிய வாசனையும் கடற்கழியின் உப்பு வாசனையும் ஒன்றாகி நெஞ்சில் இறங்கும். ஷோனாவோடு எத்தனையோ முறை வந்த இடம். மழைநாளில் இந்தக் காடு சொட்டிக்கொண்டே இருக்கும். இலையிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து கழுத்துக்கு.

இன்று சொட்டவில்லை. முகத்தில் தூறல் படுகிறது, கோட்டு நனைகிறது, சத்தம் மட்டும் இல்லை. காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது.

"அப்பா, கையுறை!" எஃபி ஒரு ஹேசல் கிளையைக் காட்டினாள். கிளையைக் கவ்விப் பிடித்தபடி, ரப்பர் கையுறை மாட்டிய விரல்களைப் போல, செம்மஞ்சள் காளான்கள். ஷோனா காட்டிக் கொடுத்தது. முன்பெல்லாம் தேடினால்தான் ஒன்று கண்ணில் படும். இப்போது கிளைக்குக் கிளை இருந்தன. எல்லா விரல்களும் மேட்டுப் பக்கம் பார்த்து மடங்கியிருந்தன. வெளிச்சம் அந்தப் பக்கமாக வருகிறது போலும் என்று நினைத்தான். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது.

ஊற்றுக்குக் கீழே பாதைத் திருப்பத்தில் லாக்லன் எதிர்ப்பட்டான். ஊர்ச் சொத்தான இந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறவன்; ஷோனாவோடு பள்ளியில் படித்தவன். தோளில் ஒரு சாக்கு, கையில் தடித்த தோல் கையுறை.

"அட, வாத்தியாரே! பெரிய மனுஷியும் வந்திருக்காங்க!" கோட்டுப் பையைத் துழாவி எஃபிக்கு ஒரு துண்டு சர்க்கரை மிட்டாய் கொடுத்தான்.

"சாக்குல என்ன?" என்றான் இன்னஸ்.

"கமிட்டி முடிவு. மக்காத துணியெல்லாம் எறக்கிடணுமாம், காட்டுக்குக் கெடுதியாம். காலுறை, உள்பாடி, ஒரு ஃபுட்பால் சட்டைகூட. அந்த டீம் வெளையாடற லட்சணத்துக்கு அத எந்த ஊத்துல முக்கினாலும் தேறாது."

"அவுத்தா அந்த நோய் அவுத்தவனுக்கு வரும்பாங்களே."

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்க கெடையாதுப்பா."

"அப்ப கையுறை எதுக்கு?"

"கையுறை மேல நம்பிக்க இருக்கு."

சிரித்தான். இன்னஸும் சிரிக்க வேண்டிய இடம் என்று வாயை அசைத்தான். அப்போது மேட்டில் இருமல் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. லாக்லனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"காலையிலேருந்து இதேதான்," என்றான், குரலைத் தாழ்த்தி. "மான்னு நெனச்சுப் போய்ப் பாத்தேன். குளம்புத் தடம் ஒண்ணுகூட இல்ல."

"வேற எங்கயாவது நின்னிருக்கும்."

"இருக்கும்." அவன் எஃபியைப் பார்த்தான், பிறகு இன்னஸின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஷோனா கட்டுனத நான் எடுக்கலடா. எடுக்கத்தான் போனேன். அதச் சுத்தி நுரையீரல் பாசி ஏறிக்கெடக்கு. அதத் தொட்டாச் சட்டப்படி குத்தம், உனக்கே தெரியும். அப்படியே விட்டுட்டேன்."

"அது அவ்வளவு சீக்கிரம் ஏறாதே. வருஷம் முழுக்க வளந்தாலும் நகத்தகலம் இருக்காது."

"அதான் சொல்றேன்." சாக்கைத் தோள் மாற்றினான். "வெளிச்சம் போறதுக்குள்ள எறங்கிடுங்க."

வேகமாக இறங்கிப் போனான். அவன் விசிலடித்துக்கொண்டு போகிற ஆள். இன்று அடிக்கவில்லை.

ஊற்று ஒரு பள்ளத்தில் இருந்தது. ஆளுயரப் பாறை ஒன்றின் அடியிலிருந்து கசிந்து, கல்தொட்டியில் தேங்கி, விளிம்பு தாண்டி ஓடைக்கு வழிந்தது. சுற்றியிருந்த மரங்களில் நிறமிழந்த கந்தல்கள் தொங்கின. சில நூலாகிவிட்டிருந்தன. அந்த நோயாளிகள் பிழைத்திருப்பார்கள்.

உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். எஃபி வாயைப் பூட்டிச் சாவியைத் தூர எறிவதாகப் பாவனை செய்தாள். பருத்திப் பட்டையைத் தொட்டியில் முக்கினான். நவம்பர் மாதத்து ஊற்றுநீர் கையைக் கடிக்க வேண்டும். கடிக்கவில்லை. வெதுவெதுவென்றிருந்தது, வாய்க்குள் விரல் விட்டது போல. கையை இழுத்துக்கொண்டு, பட்டையை மகளின் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

முதல் சுற்று. தொட்டியைத் தாண்டி, பாறையின் பின்னால், வழுக்கும் கற்களில் கால்வைத்துக் கால்வைத்து. பாறை மறைக்கும் சிறு நேரம் எஃபி தெரியமாட்டாள். சுற்றி வந்ததும் நின்ற இடத்திலேயே நின்றாள். மஞ்சள் கோட்டு. கையில் பட்டை.

இரண்டாவது சுற்று. மேட்டில் இருமல் நின்றிருந்தது. அந்த இடத்தில் வேறொரு ஒலி. இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு. ஓடை என்று நினைத்தான். ஓடை இழுத்து விடாது.

மூன்றாவது சுற்று. பாறையைத் தாண்டி வெளியே வந்தான்.

எஃபி தொட்டியருகே இல்லை.

மேட்டில் இருந்தாள். பள்ளத்தின் எதிர்ச்சரிவில், ஒரே வேரிலிருந்து பல தண்டுகளாகக் கிளம்பிய பெரிய ஹேசல் மரத்தின் கீழே, நுனிக்காலில் எக்கி நின்றாள். அவள் தலைக்கு மேல், மங்கும் வெளிச்சத்திலும் கடைச்சரக்கு போலப் பளிச்சென்று, ஒரு நீல நாடா. அதற்கு அடியில் அவள் தன் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காலணிக்குக் கட்டக் கற்றுக்கொண்ட முடிச்சு. முயல் காது போல ஒரு வளையம். இன்னொரு காது.

அவன் வாயைத் திறந்தான்.

ஒரு வார்த்தை போதும். 'எஃபி' என்றால் போதும், திரும்பிப் பார்த்திருப்பாள். ஆனால் முடிச்சு விழும்வரை பேசினால் எல்லாம் வீண். கிர்ஸ்டியின் பாட்டியும் அவள் பாட்டியும் சொல்லி வைத்தது. இந்த ஊரில் வாய்ப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் கற்பது. பேசி, அதனால் இவளும் போய்விட்டால்? நம்பாதவன்தான், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சரிவில் கையும் காலுமாக ஏறினான். பாசி பிய்ந்து பிய்ந்து கையோடு வந்தது.

"நானே கட்டிட்டேன்!" என்றாள் எஃபி. "இப்பப் பேசலாமா?"

அவன் மரத்தைப் பார்த்தான்.

நுரையீரல் பாசி. பாடப் புத்தகத்தில் இருப்பது: இலை இலையாக மடிந்து, மேடும் பள்ளமுமாக வலைபின்னி, அறுத்து வைத்த நுரையீரலின் உட்பக்கம் போலிருக்கும். தூய காற்று உள்ள இடத்தில்தான் வரும். மரத்துக்கு உள்ளங்கையளவு இருந்தாலே படம் எடுப்பார்கள். இந்த மரத்தில் மரப்பட்டை கண்ணில் படவே இல்லை. வேரிலிருந்து கைக்கெட்டாத உயரம்வரை, ஒவ்வொரு தண்டிலும், ஒன்றன் மேல் ஒன்றாகப் பச்சை மடல்கள். நீல நாடாவிலிருந்துதான் அது தொடங்கியிருக்க வேண்டும். அங்கேதான் அடர்த்தி அதிகம்.

தொட்டான். சூடாக இருந்தது.

மகளை வாரித் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஊற்று. திருப்பம். காளான் விரல்கள். எஃபி அவன் தோளில் தாடையை வைத்துப் பின்னால் பார்த்தபடி, ஏதோ பள்ளிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு இருமல் இல்லை. இது நல்லதுதானே, என்று நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டான். இதற்காகத்தானே வந்தோம். வேலி தெரிந்தது. கார் தெரிந்தது. கொக்கியை எடுத்து, கதவைத் தள்ளி, வெளியே கால் வைத்தான்.

பாட்டு அறுந்தது.

இருமுவாள் என்று நினைத்தான். இருமவில்லை. ஒன்றுமே வரவில்லை. வாய் திறந்திருந்தது. கண்கள் அவனையே பார்த்தன. நெஞ்சு உள்ளே ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. முதுகில் தட்டினான். மிட்டாய் சிக்கியதோ என்று வாய்க்குள் விரல் விட்டான். ஒன்றும் இல்லை. கார்வரை ஓடினான். உதடுகள் நீலமாயின. கைப்பேசியில் சிக்னல் இல்லை; இந்தக் கழிமுனையில் எப்போதும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரி கடற்கழியைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் இவளிடம் இல்லை. எஃபியின் கை மட்டும் உயர்ந்தது. வேலியைக் காட்டியது.

திரும்பி ஓடினான்.

கதவைத் தாண்டியதும் அவள் உடம்பு உதறிப் போட்டது. காற்று உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. வியப்பாகத்தான் பார்த்தாள்.

"அப்பா, அங்க காத்து இல்ல."

இன்னொரு முறை முயன்றான். தப்புத்தான். தெரிந்தும் முயன்றான். ஒரே ஓர் அடி. வெளியே வைத்த காலோடு அவள் நெஞ்சு ஒட்டியது. காலை உள்ளே இழுத்தான். நெஞ்சு திறந்தது.

"லாக்லன்!" என்று கத்தினான். "லாக்லன்!"

மேட்டிலிருந்து இருமல் பதில் சொன்னது.

முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் அவிழ்த்தவனுக்கு வரும். வரட்டும். தனக்கு வரட்டும். பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு எதுவோ வேண்டும் என்று தோன்றியது. அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். மரங்களுக்கிடையில் இருட்டு கீழிருந்து ஊறிவந்தது. முழங்காலுக்கு. இடுப்புக்கு. காட்டில் இப்போது ஒரே ஒலிதான். இழுத்து. விட்டு.

மரத்தடியில் எஃபியை இறக்கினான். தலையணை உறையின் பட்டையைத் தேடினான்.

இல்லை.

நீலம் இருந்தது. அதன் கீழே முடிச்சு விழுந்த இடத்தில் பச்சை மடல்கள் மூடிக்கொண்டிருந்தன. ஒரு முயல் காதின் நுனி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

நகத்தால் மடலின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தான்.

எஃபி அலறினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். "வலிக்குதுப்பா! உள்ள வலிக்குது!"

கையை எடுத்தான். கிழிந்த ஓரத்தில் ஈரம் கசிந்தது. முகர்ந்தான். இலை வாசனை இல்லை. பாசி வாசனை இல்லை. அடைத்த அறை. பிராணவாயுக் குழாயின் பிளாஸ்டிக். பல்தேய்க்க முடியாதவளின் வாய். ஷோனாவின் மூச்சு.

அவன் மண்டியிட்டான்.

"சரி," என்றான். "சரிடா கண்ணு. தொடல. அப்பா தொடல."

வலி போனதும் எஃபி எழுந்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் நல்ல நிறம் இருந்தது. வாரக்கணக்கில் அப்படியொரு நிறத்தை அவன் பார்க்கவில்லை. மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினாள். கையில் ஒட்டிய பாசியைச் சட்டையில் துடைத்தாள். குளிரில் அவன் மூச்சு புகையாகப் போனது. அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

மெதுவாக, அவள் பயப்படாதபடி, கோட்டுக்கு அடியில் கை விட்டு மகளின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான்.

இதயம் அடித்தது. சீராக.

நெஞ்சு அசையவில்லை.

அவள் தலைக்குப் பின்னால் மரம் புடைத்தது. எல்லாத் தண்டுகளும் ஒன்றாக. ஆயிரம் மடல்களும் விரிந்து, மேலேறி, நின்று, அமிழ்ந்தன. அமிழும்போது எஃபியின் உதடுகள் அசைந்தன.

"அப்பா."

மரம் புடைத்தது. அவள் காத்திருந்தாள். மரம் அமிழ்ந்தது.

"இங்க நல்லாருக்கு."

புடைத்தது. பாதியில் தடுக்கியது. இருமியது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, சீழ்க்கை. நெடுநேரம் இருமியது. தண்டுகள் குலுங்கின, இலைகள் கொட்டின, மரத்தோடு ஒட்டியிருந்த சின்ன உடம்பும் குலுங்கியது. எஃபி அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னஸுக்குத் தெரியும். இந்த இருமலை அவன் படுக்கையருகே உட்கார்ந்து கடைசிவரை கேட்டவன். இதற்கு அடுத்தது என்னவென்று தெரியும். இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி விழும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளும். கையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருப்போம்.

மரம் இழுத்தது. விட்டது.

"அப்பா, எனக்குப் ப—"

வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. மிச்சச் சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

மடல்கள் அமிழ்ந்தபடியே இருந்தன.

அவன் இரண்டு கைகளையும் மரத்தின் மேல் வைத்துக் காத்திருந்தான்.